இருபக்கமும் இழுக்கும் கால்

வாக்கரைப் பிடித்துக்கொண்டு படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு வந்ததுமே கொத்தனாருக்குக் கால் இடப்பக்கம் இழுத்தது. வாசல் கதவைப் பார்த்துப் புறப்பட்டவர் டிவி மேஜையில் போய் முட்டி நின்றார்.

ஆஸ்பத்திரியில் இப்படி இழுக்கவில்லை. நர்ஸ் பிடித்துக்கொண்டதில் தெரியாமல் போயிருக்கும்.

சாரத்திலிருந்து விழுந்து இடது தொடை எலும்பு உடைந்ததில், உள்ளே கம்பி வைத்துத் திருகாணி போட்டிருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சாவகாசமாக ஒன்று சொன்னார்: "எலும்பு கோணலா சேர்ந்துட்டா, உடைச்சு மறுபடி வைக்க வேண்டியிருக்கும்."

அந்த வார்த்தை மாத்திரையோடு சேர்ந்து உடம்பில் இறங்கிவிட்டது. மத்தியானத் தூக்கத்தில் டாக்டர் கரண்டியும் சாந்துச் சட்டியுமாக வந்து, அவர் தொடையைத் தட்டிப் பார்த்து, "இடிச்சிடலாம்" என்பார். ஜன்னல் திரை மெல்ல உப்பி அடங்கும். கட்டில் ஓடம் மாதிரி மிதக்கும். அப்படி ஒரு மயக்கத்தில், சமையலறையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழம் தானாக உருண்டு வந்து கூடத்தைக் கடந்து போனது. பின்னாலேயே மனைவி வந்து அதை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள். நல்ல மாத்திரைதான் என்று நினைத்துக்கொண்டார்.

கால் இழுக்கிற விஷயத்தை அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. விட்டால் மறுபடி கத்திதான். கோணலை நேராக்குவதுதானே தன் தொழில், தானே பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்.

முதலில் இடது செருப்புக்குள் அட்டையை மடித்து வைத்தார். வாசலுக்குப் போகும்போது நேராகப் போனார். அப்பாடா என்றிருந்தது. திரும்பி வரும்போது கால் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்ச் சோபாவில் தள்ளியது.

போனால் ஒரு பக்கம், வந்தால் ஒரு பக்கம். உள்ளே திருகாணி கழன்று கம்பி ஊஞ்சலாடுகிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அட்டை போதாது போலிருக்கிறது என்று, வாக்கரின் வலப்பக்கக் கால்களிலிருந்த ரப்பரைக் கழற்றினார். போகும்போது ராஜநடை. வரும்போது சோபாவைத் தாண்டிச் சுவரிலேயே தோள் இடித்தது.

அதன்பிறகுதான் அந்த அருமையான யோசனை வந்தது. திரும்பினால்தானே வம்பு? வாசல் வரை நேராகப் போனார். அங்கிருந்து முகத்தைத் திருப்பாமல் அப்படியே பின்னாலேயே நடந்து கட்டிலுக்கு வந்தார்.

சமையலறை வாசலில் மனைவியும் மருமகளும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க, எதுக்குப் பின்னால நடக்குறீங்க?"

"டாக்டர் சொன்ன பயிற்சி."

"கண்ணு முதுகுலயா இருக்கு? விழுந்து வைக்கப் போறீங்க."

"எனக்குத் தெரியாதா? போய் வேலையைப் பாரு."

மருமகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாமியார் அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.

காலைக் காட்ட வரும்படி ஆஸ்பத்திரியில் சொன்ன நாளும் வந்தது. மனைவியும் மருமகளும் கூட வந்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தா வெள்ளை வெளிச்சத்தில் மேகம் மாதிரி நீண்டு கிடந்தது.

"எங்க, நடங்க பார்ப்போம்," என்றார் டாக்டர்.

கொத்தனார் நடந்தார். இருந்தாற்போலிருந்து வலப்பக்கமாகச் சாய்ந்து, வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளுக்குள் புகுந்துவிட்டார். ஒரு நோயாளி காலை மடக்கிக்கொண்டார்.

"திரும்பி வாங்க."

பழக்க தோஷம். பின்னாலேயே வந்தார்.

டாக்டரின் முகம் மாறிவிட்டது. "உடனே எக்ஸ்ரே எடுங்க."

முடிஞ்சது கதை என்று கொத்தனார் உட்கார்ந்தார். கண் கலங்கிவிட்டது. "இன்னொரு தடவை என்னால தாங்க முடியாது," என்று மனைவியிடம் சொன்னார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் படத்தை விளக்கில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். அந்தப் படத்துக்குள் எலும்பு நிலா வெளிச்சத்தில் நிற்கும் தூண் போல் இருந்தது.

"நூல் பிடிச்ச மாதிரி சேர்ந்திருக்கு. கம்பி, திருகாணி எல்லாம் வெச்ச இடத்துலயே இருக்கு. உங்க கால்ல ஒரு குறையும் இல்ல."

"அப்புறம் ஏன் டாக்டர் வீட்டுல போனா இடப்பக்கம் இழுக்குது, வந்தா வலப்பக்கம் இழுக்குது?" பயத்தில் அட்டை, ரப்பர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

டாக்டர் குனிந்து செருப்பிலிருந்து அட்டையை உருவினார். "வீட்டுத் தரை சாய்வா இருக்குமோ?"

கொத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணீர் போன இடம் தெரியவில்லை. "டாக்டர், நீங்க எலும்பைப் பாருங்க. அந்தத் தரை நான் என் கையால போட்டது." மனைவி பக்கம் திரும்பினார். "நீயே சொல்லேன்."

மனைவி தன் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

மருமகள்தான் மெல்லச் சொன்னாள்: "நான் கல்யாணமாகி வந்த அன்னைக்கே அத்தை சொல்லிட்டாங்க மாமா, சாய்வா இருக்குன்னு மட்டும் உங்ககிட்ட வாயைத் திறந்துடக் கூடாது, தெரிஞ்சா உடைச்சு மறுபடி போட்டுடுவீங்கன்னு."