குன்றில் நடக்க ஆள் தேவை

குன்றுப் பாதையில் ஈ காக்கை இல்லை. நகராட்சிப் பூங்காப் பிரிவு எழுத்தர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மாநில நில நிதி அதிகாரி கிளம்பிவிட்டதாகத் தகவல் வந்திருந்தது. மக்கள் காலாற நடக்கிற இடம் என்று அந்த அம்மா கண்ணால் பார்த்தால்தான் அரசுப் பணத்தில் குன்றை வாங்கிக் காப்பாற்ற முடியும். இல்லாவிட்டால் கல் குவாரிக்காரன் வாங்கிவிடுவான். அப்புறம் குன்று இருந்த இடத்தில் குழிதான் இருக்கும்.

எழுத்தருக்கு அந்தக் குன்றின் மேல் உயிர். ஆபத்துக்குப் பாவமில்லை என்று மனைவிக்குப் போன் செய்து, வீட்டில் இருக்கிற எல்லாரையும் உடனே நடக்க வரச் சொன்னார். தன்னைத் தெரிந்ததாக மட்டும் யாரும் காட்டிக்கொள்ளக் கூடாது.

மனைவி வந்தாள். மச்சினன் ஆபீஸ் பூட்ஸோடு வந்தான். வீட்டு மாடிப்படி ஏறுவதற்குள் நாலு இடத்தில் உட்காரும் மாமியாரும் வந்துவிட்டார்.

அதிகாரி அம்மா அடிவாரத்தில் வேனை விட்டுவிட்டு ஏறி வந்தார். முதல் வளைவிலேயே மாமியார் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார்.

"மாப்ள, கொஞ்சம் தண்ணி குடுங்க."

அதிகாரி திரும்பிப் பார்த்தார். இங்கே நடக்க வரும் பெரியவர்கள் எல்லாரும் தன்னை அன்பாக அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று எழுத்தர் சமாளித்தார்.

அடுத்த வளைவில் நின்றிருந்த மச்சினன், யாரும் கேட்காமலே, இந்த மனுஷனை முன்னே பின்னே பார்த்ததே இல்லை என்று சொன்னான். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். அவர் புதிதாக வருகிறவர் என்று எழுத்தர் ஒட்டுப்போட்டு முடிப்பதற்குள், பூட்ஸ் வழுக்கி அவன் புதருக்குள் போனான்.

மனைவியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "ஏங்க, என் தம்பி விழுந்து கிடக்கான், மரம் மாதிரி நிக்கறீங்களே?"

"இவங்களும் அன்பாத்தான் கூப்பிடறாங்களா?" என்றார் அதிகாரி.

எழுத்தர் உள்ளதைச் சொல்லிவிட்டார். "எல்லாம் என் குடும்பம்தாங்க. இங்க யாரும் வர்றதில்ல. பாதையே சரியில்ல, எப்படி வருவாங்க? என்னை என்ன வேணா செய்யுங்க. இந்தக் குன்று போச்சுன்னா திரும்பி வராதுங்க."

அதிகாரி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்தரும் நிமிர்ந்தார்.

உச்சியில் மாமியார் நின்றிருந்தார். எப்போது எழுந்து ஏறினாரோ தெரியவில்லை. தன் காலுக்குக் கீழே ஒரு பருந்து பறப்பதாகவும், ஏரி முழுக்கத் தெரிவதாகவும் மகளைக் கூவி அழைத்தார். மனைவி ஓடினாள். புதரிலிருந்து எழுந்த மச்சினன் பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறுங்காலோடு அக்காவை முந்தினான்.

"நடிக்க வந்தவங்க நிஜமாவே நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கு இது போதும்," என்றார் அதிகாரி. "குன்று உங்க ஊருக்குத்தான். பாதையும் போட்டுக்குங்க."

எழுத்தருக்குக் கால் தரையில் பாவவில்லை. ராஜ்யத்தையே ஜெயித்தவர்போல் அதிகாரிக்கு முன்னால் நடந்து அடிவாரத்துக்கு இறங்கினார்.

அங்கே வேன் டிரைவர் தவித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"மேடம், நடக்க ஆளில்லன்னா இறக்கி விடலாம்னு கூட்டிட்டு வந்தீங்களே, உங்க அண்ணன், அண்ணி, அத்தை... எல்லாரும் இன்னும் வேனுக்குள்ளயே குனிஞ்சு உக்காந்திருக்காங்க, நிமிரச் சொல்லவா?"