கொலுசுப் பாலீஷ் போட்ட எஞ்சின்

ஒரு பொருள் பளபளவென்று மின்னினால் அதன் வேலை சரியாக முடிந்திருக்கிறது என்று நம்பி வளர்ந்தவன் நான். வெள்ளியைப் பொறுத்தவரை இன்றும் அப்படித்தான் நம்புகிறேன். இந்த நம்பிக்கையைக் கார் எஞ்சின் வரைக்கும் நீட்டியதில்தான் என் தங்கச்சி மகளின் காதுகுத்து கெட்டுப்போனது. கெட்டுப்போனது என்று நான்தான் சொல்கிறேன். அந்த வீட்டில் அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

சேலத்தில் எனக்குச் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை இருக்கிறது. கொலுசு செய்கிறவர்கள் வேறு ஆட்கள். நான் கடைசிக் கை. வந்த கொலுசை மோட்டாரில் சுழலும் பஞ்சுச் சக்கரத்தில் பிடித்துப் பாலீஷ் போட்டு, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவி, ரோஸ் காகிதத்தில் சுற்றி அனுப்புவது என் வேலை. முத்துக்கும் முத்துக்கும் நடுவே ஊசிமுனை அளவு மங்கலாக இருந்தாலும் கடைக்காரர் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் எங்கள் தொழிலில் ஒரே சட்டம்தான். ஒரு இடம் விடாமல் மின்ன வேண்டும்.

தங்கச்சி கவிதாவை நாமக்கல்லில் ஒரு லாரிக்காரர் வீட்டில் கொடுத்திருந்தோம். கொடுத்தோம் என்றால் நானும் என் மனைவி மேகலாவும்தான். அப்பா, அம்மா இருவரும் அவள் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆகவே அவளுக்குப் பிறந்த வீடு என்றால் அது நான் ஒருவன்தான். அந்தப் பிறந்த வீட்டின் கௌரவம் முழுவதையும் என்னுடைய பழைய பெட்ரோல் கார் சுமந்துகொண்டிருந்தது. (அதற்கு வேறு சுமையே ஆகாது என்பது பிறகுதான் தெரிந்தது.)

அவர்கள் குலதெய்வக் கோயில் கொல்லிமலை உச்சியில் இருக்கிறது. போக எழுபது கொண்டை ஊசி வளைவு. குழந்தை இனியாவுக்கு முதல் மொட்டை போட்டபோது தங்கச்சியையும் குழந்தையையும் பெருமையாக என் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். முப்பதாவது வளைவு தாண்டியதும் கார் மூச்சு வாங்கியது. ஒவ்வொரு திருப்பத்திலும் கவிதா குழந்தையோடு இறங்கி நடந்து, மேலே போய் மறுபடி ஏறினாள். பின்னால் வந்துகொண்டிருந்த அவள் மாமனார் வண்டியை நிறுத்தித் தலையை வெளியே நீட்டினார்.

"மாப்ள, உங்க காரு கொலுசாட்டச் சத்தம் மட்டும் போடுதுங்க. ஏற மாட்டேங்குதே."

எல்லாரும் சிரித்தார்கள். கவிதாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டு வெயிலில் நடந்தாள். அவள் அப்படிச் சிரித்தது எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்து வந்தது காதுகுத்து. அதே கோயில், அதே மலை. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். சீர்த்தட்டும் தாய்மாமன்தான் கொண்டுபோக வேண்டும். அதாவது விழாவுக்குச் சாமிக்கு அடுத்தபடி நான். இந்தத் தடவை எழுபது வளைவையும் ஒரே மூச்சில் ஏறி, அந்த லாரிக்காரர்கள் பார்க்கும்படி கோயில் வாசலில் நிறுத்துவது என்று முடிவு செய்தேன்.

வழி செல்போனில் கிடைத்தது. எஞ்சினின் தலைப்பாகத்தை மெக்கானிக்குகள் ஹெட் என்பார்கள். காற்றும் பெட்ரோலும் உள்ளே போக அதில் துவாரங்கள் உண்டு. புகை வெளியே வரவும் துவாரங்கள் உண்டு. அவற்றின் உட்புறம் சொரசொரப்பாக இருக்கும். அந்தச் சொரசொரப்பை அளவாகத் தேய்த்து வழவழப்பாக்கினால் எஞ்சின் தாராளமாக மூச்சு விடும், இழுவை கூடும் என்று ஒரு வெளிநாட்டுக்காரர் வீடியோவில் விளக்கிக்கொண்டிருந்தார். பாலீஷ் என்ற வார்த்தையைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். லாரிக்காரர்களுக்குத் தெரியாத ஒரு எஞ்சின் வேலை, என் பட்டறைக்குள்ளேயே இத்தனை நாளாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது! அவர் பேசியதில் பாதிதான் எனக்குப் புரிந்தது. எச்சரிக்கைகள் எல்லாம் மற்ற பாதியில் இருந்திருக்கின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெட்டைக் கழற்றினேன். கழற்றும்போது ஒவ்வொரு போல்ட்டையும் போட்டோ எடுத்து, தனித்தனிக் கிண்ணத்தில் போட்டு, கிண்ணத்தில் எண் எழுதி வைத்தேன். இதை இங்கே சொல்வதற்குக் காரணம், இந்தக் கதையில் நான் சரியாகச் செய்த காரியம் இது ஒன்றுதான். அப்புறம் கொலுசின் முத்து இடுக்கில் பாலீஷ் போடுகிற கைமோட்டாரை எடுத்துத் துவாரங்களைத் தேய்க்க ஆரம்பித்தேன். அலுமினியம் வெள்ளியைப் போலவே கைக்கு இணங்கி வந்தது. நான்கு நாள் பட்டறையில் வேறு வேலை எடுக்கவில்லை. துவாரம் மின்னியது. துவாரம் மின்னியதும் அதன் பக்கத்து இடம் மங்கலாகத் தெரிந்தது. அதையும் தேய்த்தேன். வால்வு வந்து உட்காரும் வளையங்கள் மங்கலாகத் தெரிந்தன. அவற்றையும் விடவில்லை. கடைசியில் ஹெட்டைக் கவிழ்த்துப் போட்டு, அதன் தட்டையான அடிப்பக்கம் முழுவதையும் பஞ்சுச் சக்கரத்தில் பிடித்தேன்.

மேகலா டீ கொண்டுவந்தவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அடிப்பக்கம் உள்ளே போய் மூடிக்கொள்ளும் இடமாயிற்றே, அது யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது என்று கேட்டாள்.

"கண்ணுக்குத் தெரியாத எடத்தையும் பாத்துச் செய்யறவன்தான் தொழில்காரன்" என்றேன்.

அவள் டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாள். பஞ்சுச் சக்கரத்துக்கு ஒரு குணம் உண்டு. அது பட்ட இடத்தில் விளிம்பையெல்லாம் மழுக்கிவிடும். கொலுசுக்கு அதுதான் அழகு, காலைக் கீறாது. ஆனால் ஹெட்டின் அடிப்பக்கம் பலகை போல் சமமாக இருந்து, கீழே உள்ள பாகத்தோடு இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீரும் ஆயிலும் ஒன்றோடொன்று கலந்துவிடும். இது எந்த லாரி கிளீனருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. நான் அதைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவி, துடைத்து, மாட்டும் வரைக்கும் தூசி படாமல் இருக்க ரோஸ் காகிதத்தில் சுற்றி வைத்தேன்.

மாட்டியதும் கார் ஓடியது. ராசிபுரம் வரை போய்த் திரும்பினேன். சமதளத்தில் அது ஓடிய அழகைப் பார்த்து, லாரிக்காரர்கள் தங்கள் வண்டிகளை என் பட்டறை வாசலில் வரிசையாக நிறுத்துவது போல ஒரு கற்பனை கூட வந்தது. மெக்கானிக்கிடம் ஒரு தடவை காட்டிவிடலாம் என்று மேகலா சொன்னபோது நான் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

விழா அன்று விடிகாலையில் கிளம்பினோம். பின்சீட்டில் சீர்த்தட்டுகள், பழம், பட்டுப்பாவாடை, தங்கத்தில் கம்மல், என் கையால் பாலீஷ் போட்ட கொலுசு. ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் நல்ல நேரம். மலையடிவாரத்தை ஆறே முக்காலுக்கே தொட்டுவிட்டோம். பதினேழாவது வளைவில் முன்பக்கத்திலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. பனி என்றேன். பத்தொன்பதாவது வளைவில் பனி காருக்குள்ளும் வந்தது. வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. ஆயில் மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே பால் கலந்த காப்பி போல நுரைத்துக் கிடந்தது.

செல்போனில் சிக்னல் இல்லை. கால் மணி நேரத்தில் கீழிருந்து பஸ் வந்தது. நாங்கள் நிற்கிற கோலத்தைப் பார்த்து டிரைவரே நிறுத்தினார். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஏறிக்கறீங்களா, இதை உட்டா அடுத்த பஸ்ஸுக்கு ரொம்ப நேரமாகுமுங்க" என்றார்.

மேகலா சீர்த்தட்டைக் கையில் எடுத்துவிட்டாள். இங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். எஞ்சினைக் கெடுத்தது அறியாமை, அதை மன்னித்துவிடலாம். இது அறியாமை இல்லை. லாரி வீட்டார் அத்தனை பேரும் பார்க்க, தாய்மாமன் டவுன் பஸ்ஸிலிருந்து தட்டோடு இறங்குவதை நினைத்துப் பார்த்தேன். என்னால் முடியவில்லை.

"நீங்க போங்க, அஞ்சு நிமிஷத்துல சரியாயிரும்" என்றேன்.

மேகலா தட்டைத் திரும்ப வைத்த சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. பஸ் போய்விட்டது. நான் முழங்கை வரை கையை விட்டு என்னென்னவோ செய்தேன். ஐந்து நிமிடம் அரைமணி ஆயிற்று. அரைமணி ஒன்றரை மணி ஆயிற்று. அடுத்த பஸ் வந்தபோது மணி ஒன்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை கண்டக்டர் கேட்பதற்கு முன்பே ஏறிவிட்டேன்.

கோயிலில் நடந்ததை மேகலா பிறகு விசாரித்துச் சொன்னாள். முதல் பஸ்ஸில் போனவர்களில் நாலு பேர் அதே விழாவுக்கு வந்தவர்கள். வழியில் ஒருத்தர் காரைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார், பட்டுவேட்டி கட்டியிருக்கிறார், கூப்பிட்டால் ஏற மாட்டேன் என்கிறார் என்று அவர்கள் அங்கே போய்ச் சொல்லிவிட்டார்கள். அது யார் என்று கவிதாவுக்கு ஒரு விநாடியில் தெரிந்துவிட்டது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. குழந்தையின் சித்தப்பா மடியில் வைத்துக் குத்திவிடலாம், தாய்மாமன் வந்ததும் சீரைக் கொடுக்கட்டும் என்று அவள் மாமியார் சொன்னார். அந்த வீட்டில் அதுவரை யாரையும் எதிர்த்து ஒரு சொல் சொல்லாத என் தங்கச்சி குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"எங்கண்ணன் கெளம்பிட்டானுங்க. கெளம்புனா வந்துருவான். நேரம் போனாப் போகட்டும். அவன் மடி இல்லாம எம்புள்ளைக்குக் காது குத்த வேண்டாமுங்க" என்றிருக்கிறாள்.

நான் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது மணி பத்தாகப் போகிறது. நல்ல நேரம் போய் ஒரு மணி நேரம். காது குத்தும் ஆசாரி பையைக் கட்டி வைத்திருந்தார். குழந்தை அழுது களைத்துத் தூங்கியிருந்தது. கவிதா ரோட்டைப் பார்த்தபடி படியில் நின்றிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"பஸ்ஸுல ஏறியிருக்கலாமேண்ணா" என்றாள். அவ்வளவுதான். அவள் கண் சிவந்திருந்தது.

கையைக் கழுவினேன். வெறும் தண்ணீரில் போகிற கருப்பா அது? ஆசாரி அவசரப்படுத்தினார். மடியில் குழந்தையை வாங்கினேன். ஊசி பட்டதும் அது வீறிட்டுத் தலையை ஆட்ட, நான் பதறிப்போய்க் கன்னத்தைச் சேர்த்துப் பிடித்தேன். கையை எடுத்தபோது இனியாவின் கன்னத்தில் என் நான்கு விரலும் கருப்பாகப் பதிந்திருந்தன. அந்த நேரத்தில் எடுத்த போட்டோதான் அவர்கள் வீட்டுக் கூடத்தில் பெரிதாக மாட்டியிருக்கிறது. திருஷ்டிப் பொட்டு கொஞ்சம் பெரிதாக வைத்துவிட்டார்கள் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

கவிதாவின் மாமனார்தான் அன்றைக்கே என் காரைக் கயிறு கட்டிக் கீழே இறக்கித் தன் லாரி ஷெட்டுக்குக் கொண்டுபோனார். ஹெட்டைக் கழற்றி வெளியே எடுத்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். எண்ணெயைத் துணியால் துடைத்தார். அடிப்பக்கம் வெயிலில் மின்னியது. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாப்பது வருசமா எஞ்சின் பாக்கறனுங்க மாப்ள. மொகம் பாத்துத் தலை சீவற மாதிரி ஹெட்டு இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றார்.

காருக்கு வேறு ஹெட் போட்டுக் கொடுத்தார். பழையதைக் காயலான் கடைக்குப் போடவில்லை. அது இன்றும் அவர் லாரி ஆபீஸ் மேஜை மேல், சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம், குங்குமம் உண்டு. யாராவது இது என்னவென்று கேட்டால், "எங்க மருமவளோட பொறந்த ஊட்டுச் சீருங்க" என்பார். அதில் கேலி எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்று எனக்கு இதுவரை பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பாலீஷ் மட்டும் கொஞ்சமும் மங்கவில்லை.

போன மாதம் கவிதாவுக்கு இரண்டாவதாகப் பிறந்த பையனுக்குக் காதுகுத்து. அழைப்பிதழ் வந்தது. தாய்மாமன் என்று போட்டு என் பெயர் அச்சடித்திருந்த இடத்தில், மூன்றாம் வகுப்பு படிக்கும் இனியா பென்சிலால் 'பஸ்ஸில் வருவார்' என்று எழுதியிருந்தாள். பஸ்ஸில்தான் போனேன். அதுவும் முந்தின நாள் மத்தியானமே போய்விட்டேன். கோயில் சத்திரத்தில் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டு, காலையில் எல்லாருக்கும் முன்னால் மணையில் போய் உட்கார்ந்தேன். பையனைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள் கவிதா. ஆசாரி ஊசியை எடுத்தார்.

அப்போது அவள், நான் எதிரில் இருக்கும்போதே, அன்றைக்குப் போல ஒரு தடவை திரும்பி ரோட்டைப் பார்த்தாள்.