ஜல்லிக் குவியலில் நிறுத்திய ஜீப்

நாகலூர்,
பிப்ரவரி 1986

ஈரோட்டில் குடியிருக்கும் மதிப்பிற்குரிய மைத்துனர் ஆரோக்கியதாஸ் அவர்களுக்கு, காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்ற உங்கள் அக்காள் புருஷன் பாக்கியநாதன் எழுதிக்கொண்டது. ஆண்டவர் இரக்கத்தால் இங்கே உங்கள் அக்காள் தெரசம்மாளும், மகள் லூர்துசெல்வியும், நானும், ஆடுகளும் சுகம். நீங்கள் கொடுத்துப்போன ஜீப் மட்டும் சுகமில்லை. உங்கள் சுகத்துக்குப் பதில் எழுதவும். எழுத நேரமில்லை என்றால் நேரில் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனால் போதும்.

நீங்கள் ஈரோட்டுக்குக் குடிபோகும்போது, "சத்தந்தானுங்க மாமா கொஞ்சம் பெருசு, மனசு நொம்பத் தங்கமுங்க" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தீர்கள். பேட்டரி செத்த வண்டிக்குச் சாவியைக் கொடுத்த ஆள் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். இருந்தாலும் மலையில் இருக்கிறவனுக்கு அது ஒரு குறையா? ஊரில் எல்லாரையும் போல நானும் வண்டியின் மூக்கைப் பள்ளத்தைப் பார்க்க நிறுத்தி, டயருக்குக் கல் வைத்துவிட்டு, கிளம்பும்போது கல்லை எடுத்து உருளவிட்டு, கிளட்சை விட்டுக் கிளப்பப் பழகிக்கொண்டேன். இதனால் நல்ல சாமான் விற்கிற கடையை விட்டு, புளியில் கல்லும் கல்லில் புளியும் விற்கிற ஐயாக்கண்ணு கடைக்கு மாறிவிட்டேன், ஏனென்றால் அவன் கடைதான் சரிவில் இருக்கிறது. கோயில் வாசல் சமதளம், ஆகையால் பூசைக்கு நடந்து போகிறேன். பெட்ரோல் டேங்கில் ஓட்டை விழுந்தபோது உங்கள் அக்காளின் துணி சோப்பைப் பிசைந்து அப்பினேன், அவள் ஒரு வாரம் சேலையை வெறும் தண்ணீரில் அலசினாள். ரேடியேட்டர் ஒழுகியபோது எஸ்டேட் டிராக்டர் ஓட்டும் பொன்னுவேல், கேழ்வரகு மாவைக் கரைத்து ஊற்றினால் சூட்டில் வெந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும் என்றான், அப்படியே ஊற்றினேன். பொன்னுவேலுக்குத் தெரியாத வண்டி வைத்தியம் இல்லை. அவனுடைய டிராக்டர்தான் போன வருஷத்திலிருந்து ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை.

இதெல்லாம் என் தலைவிதி என்று இருந்துவிடுவேன் மச்சான். ஆனால் இப்போது பிள்ளையின் வாழ்க்கையில் வந்து நிற்கிறது. நீங்கள் சொன்ன சேலத்துச் சம்பந்தம், அதுதான் இன்னாசி அவர்களின் மகன் அடைக்கலராஜ், அவர்கள் வந்து பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போய், இனி நீங்கள் வந்து எங்கள் வீட்டைப் பாருங்கள், கோயிலில் கல்யாண ஓலை எழுதும் தேதியைப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்பினார்கள். லூர்துசெல்வி அந்தப் பையன் போட்டோவை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது என்று நினைப்பு. தெரசம்மாள் பஸ்ஸில் போவோம் என்றாள். வாசலில் ஜீப்பை வைத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் பஸ்ஸில் போனால் நம்மை என்ன நினைப்பார்கள் என்று நான்தான் கேட்டேன். நுணலும் தன் வாயால் கெடும்.

நானும் உங்கள் அக்காளும் கிளம்பி, கொண்டை ஊசி வளைவுகளில் பாதி இறங்கியதும் ஃபேன் பெல்ட் அறுந்தது. கயிறு இல்லை, கடை இல்லை, எதிரே குரங்குகள்தான் இருந்தன. ஆபத்துக்குப் பாவம் இல்லை என்று உங்கள் அக்காளின் உள்பாவாடை நாடாவை உருவச் சொல்லி, முறுக்கிக் கட்டினேன். நாடா நன்றாகவே ஓடியது, அதைச் சொல்லத்தான் வேண்டும். சேலம் போய்ச் சேர்ந்ததும்தான் எனக்கு மூளையில் உறைத்தது, அந்த ஊரில் சரிவே கிடையாது! இன்னாசி அவர்களின் தெரு கேரம் பலகை போலக் கிடக்கிறது. அவர் வாசலில் கைகூப்பிக்கொண்டு நிற்க, நான் நிறுத்தாமல் அவர் வீட்டைத் தாண்டித் தாண்டிப் போய் மேடு தேடினேன். கடைசியில் பக்கத்து மனையில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியல் கண்ணில் பட்டது. ரிவர்ஸில் அதன்மேல் ஏற்றி, மூக்கைக் கீழே பார்க்க நிறுத்தி, டயருக்குக் கல் வைத்து, பெருமையாக இறங்கினேன். சம்பந்தி அதை மலைக்காரர்களின் பழக்கம் என்று நினைத்திருப்பார்.

உள்ளே நல்ல மரியாதை மச்சான். கேசரி, வடை, காப்பி. பையனின் தாயார் பன்னீர்ச் செம்போடு வந்தபோது எல்லாரும் எழுந்தோம், தெரசம்மாள் மட்டும் எழவில்லை. நாடா இல்லாமல் எப்படி எழுவாள்? இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த அம்மாள் முகம் சுண்டிப்போயிற்று. இந்த நேரத்தில் வெளியே சித்தாட்கள் வந்து, கான்கிரீட் போட ஜல்லியை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஜல்லி, அவர்கள் அள்ளினார்கள். நாங்கள் வெளியே வந்து பார்த்தபோது ஜீப் சமதரையில் சாதுவாக நின்றது. டயருக்கு வைத்த கல்லும் கான்கிரீட்டுக்குப் போய்விட்டிருந்தது.

அப்புறம் என்ன, தள்ள வேண்டியதுதான். வெள்ளை வேட்டியில் சம்பந்தியும் புதுச் சட்டையில் பையனும் தள்ளினார்கள். தள்ளுவதற்கு முன் என் போதாத காலம், தண்ணீர் பார்க்கலாம் என்று ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன், கேழ்வரகுக் கூழ் பீய்ச்சி அடித்து அந்த வேட்டி எல்லாம் ஆயிற்று. சூடு குறைவு, ஆண்டவருக்குத் தோத்திரம். தெரு முனையில் வண்டி பிடித்துக்கொண்டது. நிறுத்தினால் மறுபடி தள்ளவேண்டுமே என்று சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிவிட்டேன். ரயில்வே கேட்டில்தான் தெரசம்மாள் பக்கத்தில் இல்லை என்பதைப் பார்த்தேன். திரும்பி வந்து, நிற்காமல் வீட்டு வாசலில் மெதுவாக ஊர்ந்தேன். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்த உங்கள் அக்காளைச் சம்பந்தியம்மாள் அலாக்காகத் தூக்கி உள்ளே போட்டார்கள்.

அன்றிலிருந்து சேலத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை. லூர்துசெல்வி என்னோடு பேசுவதில்லை. கேட்டால், "ஒண்ணுமில்லீங்கப்பா" என்கிறாள், அந்த ஒண்ணுமில்லை என் நெஞ்சைப் போட்டு அறுக்கிறது. பெற்ற பிள்ளையின் கல்யாணத்தை ஒரு ஜம்பத்துக்காகக் கெடுத்தவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம் மச்சான். ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து வண்டியை எடுத்துப்போகவும். போகிற வழியில் இன்னாசி அவர்களைப் பார்த்து, அது உங்கள் வண்டிதான், எங்கள் குடும்பம் பஸ்ஸில் போகிற கௌரவமான குடும்பம் என்று எடுத்துச் சொல்லவும்.

உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் மாதாவின் துணை என்றும் இருக்கட்டும். குழந்தைகளுக்கு எங்கள் முத்தங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அக்காள் புருஷன்
பாக்கியநாதன்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் இன்னாசி அவர்களே பஸ் ஏறி இங்கே வந்துவிட்டார். ஆகவே நீங்கள் வண்டிக்காக வரவேண்டாம். சம்பந்தம் கைகூடிவிட்டது, ஈஸ்டர் கழித்து ஓலை. காரணத்தையும் அவரே சொன்னார். "ஏனுங்க சம்பந்தி, அன்னைக்கு நீங்க உட்டுட்டுப் போனப்ப உங்க ஊட்டம்மா எல்லாஞ் சொன்னாங்க, இப்பேர்ப்பட்ட வண்டியவே வேண்டாம்னு உடாம, சோப்பும் மாவும் வெச்சுக் காப்பாத்தறீங்களே. இந்த ஊட்டுல பொண்ணெடுத்தா எங்க பையனையும் எப்படியும் பொறுத்துப் போவீங்கன்னு எல்லாருங் கூடி முடிவு பண்ணிட்டமுங்க" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கை கொடுத்து, கோழி அடித்துச் சாப்பாடு போட்டு, சாயங்கால பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். வந்து உட்கார்ந்ததும் தெரசம்மாள், "ஏனுங்க, அந்தப் பையன்கிட்டப் பொறுத்துப் போறதுக்கு என்ன இருக்குதுங்க?" என்று கேட்டாள். விசாரித்து உடனே தந்தி அடிக்கவும்.