மேல் கட்டத்தில் உங்கள் பெயர்

கறம்பக்குடி,
புதன்கிழமை

பொன்னமராவதி சம்பந்தி திரு. நல்லதம்பி அவர்களுக்கு, பெரியகருப்பன் வணக்கத்தோடு எழுதுவது. தாங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் உங்கள் மகள் பிரகதீஸ்வரி என்னிடம் முகம் கொடுத்துப் பேசி இருபது நாளாகிறது. காப்பி மட்டும் வருகிறது.

நாம் சேர்ந்து நடத்தும் தேங்காய் நார் கம்பெனியிலிருந்து நீங்கள் விலகிவிட்டதாக அரசாங்கப் பதிவில் ஏறியிருப்பதும், அதைப் பாங்கில் நாலு பேர் முன்னால் நீங்கள் கேட்க நேர்ந்ததும் என்னால் வந்த வினைதான். என் மகன் வசந்தகுமாரையும் டைரக்டராகச் சேர்க்க ஆடிட்டர் ஆபீஸ் ஜெபக்குமார் படிவம் கொண்டுவந்தார். கீழ்க் கட்டத்தில் மகன் பெயர் இருக்கிறது, மேல் கட்டம் காலியாகக் கிடக்கிறது. சம்பந்தி பெயர் இல்லாமல் இந்த வீட்டிலிருந்து ஒரு காகிதம் போகலாமா? கல்யாணப் பத்திரிகையில் உங்கள் சித்தப்பா பெயர் விட்டுப்போய், அவர் பந்தியில் உட்காராமல் போனது எனக்கு மறக்குமா? "பெரியவுக பேரு மேலதாம்ப்பா இருக்கணும், எழுது" என்றேன். "சார், அந்தக் கட்டம் வந்து..." என்று இழுத்தார். "எழுதுங்கிறேன்ல!" என்றேன். எழுதிவிட்டார். அது விலகுகிறவர்களுக்கான கட்டமாம். கூடவே உங்கள் கடிதம் ஒன்று வேண்டுமென்றார்; என்ன கடிதம் என்றுகூடக் கேட்காமல், அவசரத்துக்கு இருக்கட்டுமென்று நீங்கள் கையெழுத்துப் போட்டுத் தந்திருந்த வெற்றுத்தாளை எடுத்துக் கொடுத்தேன். பெயரைத் திருத்திவிடலாம் சம்பந்தி. நம்பித் தந்த தாளை இப்படிக் கொடுத்ததைத் திருத்த எந்தப் படிவமும் இல்லை. அதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

பெயரைத் திரும்பச் சேர்க்க உங்கள் சம்மதம் வேண்டுமாம். உங்கள் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வரும், அதைப் பத்து நிமிஷத்துக்குள் எங்களுக்குச் சொல்ல வேண்டும். நான் கூப்பிட்டால் நீங்கள் எடுப்பதில்லை, தபாலில் கேட்டால் அதற்குள் எண் செத்துப்போகும். மருமகளைக் கேட்கச் சொன்னேன். "அப்பாக்கிட்ட நீங்களே பேசுங்க மாமா. ஒங்களுக்கும் அவுகளுக்கும் நடுவுல நான் என்ன போன் கம்பியா?" என்று அங்கிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு பேத்திக்குக் காது குத்து. நீங்கள் வராவிட்டால் உங்கள் மகனும் வரமாட்டார். தாய்மாமன் இல்லாமல் பிள்ளையை யார் மடியில் உட்காரவைப்பது, ஜெபக்குமார் மடியிலா? பத்திரிகையாவது சரியாக இருக்கட்டுமென்று நானே அச்சகத்துக்குப் போய், உங்கள் குடும்பத்துப் பெயர்களை மூன்று தடவை எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டு வந்தேன். இனிப் படிக்காமல் எந்தக் காகிதத்தையும் வெளியே விடமாட்டேன். இது சத்தியம். கடிதம் கிடைத்ததும் ஒரே ஒரு போன் போடுங்கள்.

சம்பந்தியம்மாவை என் வீட்டுக்காரி சொர்ணவல்லி மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும். குடும்பத்தோடு நூறாண்டு நன்றாக இருங்கள்.

இன்னமும் தங்கள் சம்பந்திதான்,
பெரியகருப்பன்

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது பத்திரிகைக் கட்டு வந்து இறங்கியது. ஐநூறு. முதலில் உங்கள் பெயர், சித்தப்பா பெயர், எல்லாம் கச்சிதம். என் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. பிரகதீஸ்வரி படித்துவிட்டு, இருபது நாளுக்குப் பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள், அந்த ஆறு இலக்க எண் மெதுவாக வரட்டும். ஞாயிற்றுக்கிழமை வந்து வாசலில் நின்று, வருகிறவர்களிடம் "இவரும் இந்த வீட்டுக்காரர்தான்" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.