கண்டியிலிருந்து நான் நிறுத்திய கனடாக் கல்யாணம்

நான் இதுவரை ஒரே ஒரு கல்யாணத்தைத்தான் நிறுத்தியிருக்கிறேன். பெண்ணையும் தெரியாது, மாப்பிள்ளையையும் தெரியாது. கல்யாணம் கனடாவில், நிறுத்தியது கண்டியிலிருந்து.

யுத்த காலம். மடுல்கெல்லத் தோட்டத்திலிருந்து வந்து கம்ப்யூட்டர் படித்த எனக்கு, கண்டி டவுனில் இன்டர்நெட் இணைப்புக் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பனியில் வேலை. முன்பக்கம் நெட் கஃபே, பின்பக்கம் எங்கள் ஒஃபிஸ். முதலாளி மடவளை ஹாஜியார்.

எங்கள் வாடிக்கையாளர் எல்லோருடைய இணைப்பும் ஹந்தானை மலையில் ஒரு சிறிய அறைக்குள் இருந்த ரவுட்டர் வழியாகவே போனது. எந்தத் தகவல் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று, சந்தியில் நிற்கும் பொலிஸ்காரர் மாதிரிக் கை காட்டுவது அதன் வேலை. அந்த ரவுட்டரைச் செய்தது நான். ஒரு பழைய கம்ப்யூட்டரில், யாரும் எடுத்துத் திருத்திப் பயன்படுத்தக்கூடிய திறந்த மென்பொருளைப் போட்டு உருவாக்கினேன். (அதற்குச் சந்தனப் பொட்டு வேறு வைத்திருந்தேன்.)

ஒருநாள் பின்னேரம், கொழும்பிலிருந்து டை கட்டிய விற்பனைப் பிரதிநிதி ஒருவர் வந்து, தன் கம்பனி ரவுட்டரை மேசையில் வைத்தார். பளபளப்பான, மூடிய பெட்டி. உள்ளே இருப்பது அந்தக் கம்பனிக்கு மட்டும்தான் தெரியும். ஹாஜியாரின் மனம் அந்தப் பக்கம் சாய்வது எனக்கு விளங்கியது.

“ஒங்கட பொட்டி நல்லாத்தான் ஈக்கு, புள்ள. ஆனா நீங்க லீவுல போனா அத யாரு பாக்குற?” என்றார்.

நியாயமான கேள்வி. அந்த வயதில் நியாயமான கேள்விகள் எனக்குப் பிடிக்காது.

“முதலாளி, ஓடிக்கிட்டு இருக்கும்போதே இதுல எதையும் மாத்தலாம். இப்ப பாருங்க!” என்று, அந்நியர்கள் ரவுட்டருக்குள் நுழையாமல் தடுக்கும் கட்டளை ஒன்றை ஒஃபிஸில் இருந்தபடியே அடித்தேன். அது ஒழுங்காக வேலை செய்தது. உலகத்தில் எல்லோரையும் அந்நியராக்கிவிட்டது, என்னையும் சேர்த்து.

“பிள்ளை, படம் நிண்டு போச்சு!” என்று முன்பக்கத்தில் ஒரு குரல்.

ஓடிப் போனேன். கண்டியில் அரசாங்க உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்து ஐயா ஒருவரும் அவருடைய மனைவியும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர் பட்டு வேட்டியில், அந்த அம்மா காஞ்சிபுரச் சேலையில், தலை நிறையப் பூவோடு. ஒரே மகளுக்கு ரொறன்ரோவில் கல்யாணம். இவர்களுக்கு விசா கிடைக்கவில்லை. வெப் கமராவில்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தாலி கட்டிட்டாங்களாம்மா?”

“கையில எடுத்திட்டார், பிள்ளை,” என்றார் அந்த அம்மா மெதுவாக. அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இனி மலைக்கே போய், ரவுட்டரில் நேரடியாகக் கீபோர்டையும் மொனிட்டரையும் பொருத்தினால்தான் உண்டு. கீபோர்டை நான் தூக்கினேன். அந்தக் காலத்து மொனிட்டர் அம்மிக்கல் மாதிரிக் கனக்கும். யாரும் கேட்காமலே அதைத் தூக்கியவர் டைக்காரர்.

“எங்கட பெட்டியில இப்படிப் பிழை விட்டா, பத்து நிமிஷத்துல தானாவே பழைய நிலைக்கு வந்திடும், மிஸ்,” என்றார் ஓட்டோவில், பணிவாக. அவர் மடியில் மொனிட்டர் இல்லாதிருந்தால் வெளியே தள்ளியிருப்பேன்.

பாதி வழியில் சோதனைச் சாவடி. பொலிஸ்காரர் என் அடையாள அட்டையைப் பார்த்தார், கீபோர்டைப் பார்த்தார்.

“எங்கே போகிறாய்?” என்றார் சிங்களத்தில்.

“கல்யாண விஷயமா.” (பதற்றத்தில் என் சிங்களத்துக்கு அவ்வளவுதான் வந்தது.)

“யாருடைய கல்யாணம்?”

“தெரியாது.”

“எங்கே?”

“கனடாவில்.”

அவர் அட்டையை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார். அந்த நாட்களில் ஒரு தமிழ்ப் பெண் இப்படிப் பதில் சொல்லிவிட்டு அன்றைக்கே வீடு போய்ச் சேருவது நிச்சயமில்லை. டைக்காரர் இறங்கிப் போய், நல்ல சிங்களத்தில் முழுக் கதையையும் சொன்னார். பொலிஸ்காரர் முகம் மாறியது.

“அப்படியென்றால் அந்தத் தாய் இன்னும் பார்க்கவில்லையா?” என்று கேட்டார். அட்டையை என் கையில் திணித்து, தடையைத் தானே தூக்கினார்.

மலையில் ஒரே ஒரு வரியை அழித்தேன். உடனே ஹாஜியாரின் போன்.

“வந்துட்டு, புள்ள! இங்க கேளுங்க!” என்று போனைக் கம்ப்யூட்டர் பக்கம் பிடித்தார்.

“அம்மா, தெரியுறீங்கள். இப்ப கட்டச் சொல்லுங்கோ,” என்றது மணப்பெண்ணின் குரல். அம்மா பார்க்காமல் கழுத்தை நீட்டமாட்டேன் என்று, ஐயர் நல்ல நேரம் போகுது போகுது என்று கத்தக் கத்த, நாற்பது நிமிடமாக அசையாமல் இருந்தாளாம். பிறகு கெட்டிமேளம் கேட்டது. நான் ரவுட்டருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். டைக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஹாஜியார் மூடிய பெட்டியை வாங்கவில்லை. ஓட்டோவில் சொன்ன பத்து நிமிடக் கதையை டைக்காரர் அவரிடமும் சொல்லியிருந்தார்.

“பொட்டில பிழ இல்ல, பிழ ஒங்கள்ள. அந்தப் பத்து நிமிஷ வேலய ஒங்கட பொட்டிலயும் போட ஏலுமா?” என்றார்.

திறந்த மென்பொருள் என்பதால் ஏலும். இரண்டே நாளில் போட்டேன். டைக்காரர்தான் போனில் யோசனை சொன்னார். (இல்லை, அவரை நான் கல்யாணம் செய்யவில்லை. எல்லோரும் கேட்கிறார்கள்.) இன்னொருவருக்கு வேலை பழக்கிவிட்டு முதல்முறையாக லீவும் எடுத்தேன்.

ரொறன்ரோக் கல்யாண வீடியோவில் அந்த நாற்பது நிமிடத்தையும் அவர்கள் வெட்டவில்லை. ஐயர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். மாப்பிள்ளை தாலியைக் கை மாற்றி மாற்றிப் பிடிக்கிறார். வீட்டுக்கு வருபவர்கள், எந்தச் சாத்திரியார் முகூர்த்தம் குறித்தார் என்று கேட்டால், அந்த அம்மா இன்றைக்கும் சொல்வாராம்:

“சாத்திரியார் குறிச்ச நேரம் போயிட்டுது. இது கண்டியில ஒரு பிள்ளை குறிச்ச நேரம்.”