பேருந்து பின்னால் போகக் கூடாது

ஓய்வு பெறாத ஃபார்வர்ட் என்று ஒரு பிராணி உண்டு. ருமேனியாவில் அதைத் தேடிக் காட்டுக்குப் போக வேண்டாம். ஒரு கால்பந்து மைதானமும், அதைச் சுற்றி உட்கார்ந்து சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைத் துப்புகிற நானூறு பேரும் எந்த ஊரில் இருக்கிறார்களோ, அந்த ஊரில் அது நிச்சயம் இருக்கும். எதிரணியின் கோலுக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து, பந்தைத் தன் காலுக்குத் தராத பாவிகளைப் பற்றி வானத்திடம் முறையிட்டபடி நிற்கும். ஓடுமா? ஓடாது. ஓடுவதெல்லாம் இருபது வயதுக்காரர்களின் வேலை.

எங்கள் ஊர்ப் பிராணியின் பெயர் அவ்ராம் பர்கலாப். வயது முப்பத்தொன்பது, அவரைக் கேட்டால் முப்பத்தைந்து, அவருடைய முழங்காலைக் கேட்டால் எழுபது. முதல் டிவிஷனில் ஒரே பருவத்தில் பதினோரு கோல் போட்டவர் என்பது நிஜம். நானே ரேடியோவில் கேட்டிருக்கிறேன். அந்தப் பதினொன்றை வைத்துக்கொண்டு சைப்ரஸில் ஒரு வருடம், கஜகஸ்தானில் ஒரு குளிர்காலம், ஹங்கேரியில் ஆறு வாரம், ஓமானில் எவ்வளவு காலம் என்று அவரே சரியாகச் சொல்லாத ஏதோ ஒரு காலம் என்று பதினான்கு கிளப்புகளைச் சுற்றிவிட்டு, போன இடத்திலெல்லாம் பயிற்சியாளர் முட்டாள், புல் மோசம், பந்து கனம் என்று கண்டுபிடித்து, கடைசியில் பிறந்த ஊருக்கே வந்து மூன்றாம் டிவிஷனில் வேர் பிடித்துவிட்டார். ஒரு முறை தேசிய அணியின் முகாமுக்கும் அழைத்தார்கள். மூன்று நாள். ஆட விடவில்லை; டிராக் சூட் கொடுத்தார்கள். அந்த மஞ்சள் டிராக் சூட்டை அவர் ஈஸ்டர் பூசைக்கும் போட்டுக்கொண்டு வருவார், சாவு வீட்டுக்கும் போட்டுக்கொண்டு வருவார்.

இவரை ஏன் உட்கார வைக்கவில்லை என்றுதானே கேட்கிறீர்கள்? எங்கள் பயிற்சியாளர் தோருவின் கல்யாணத்துக்கு அவ்ராம்தான் நாஷ். எங்களிடம் நாஷ் என்றால் தேவாலயத்தில் மணமக்கள் பக்கத்தில் மெழுகுவத்தியோடு நிற்பவர். அந்த மெழுகுவத்தி அணைந்த பிறகு ஆயுசுக்கும் தகப்பனுக்கு ஒரு படி மேல். பண்டிகை வந்தால் கோழியும் ஒயினும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்க் கையை முத்தமிட வேண்டும். அப்படி முத்தமிட்ட வாயால் "நீங்க இன்னிக்கு வெளியே உட்காருங்க" என்று எவனால் சொல்ல முடியும்? தோருவால் நான்கு வருடமாக முடியவில்லை.

இந்த மே மாதம் கடைசி ஆட்டம் பக்கத்து மாவட்டத்தில். ஜெயித்தால் டிவிஷனில் இருப்போம். இல்லையென்றால் இறங்குவோம். இறங்கினால் கிளப்பை மூடிவிடுவதாக மேயர் சொல்லியிருந்தார். மூடினால் தோரு ஸ்பெயினுக்குப் போய் ஸ்ட்ராபெர்ரி பறிக்க வேண்டியதுதான். கிளம்பும் முன் அவன் என்னை ஜெர்சி அறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்திவிட்டுப் பட்டியலைக் காட்டினான். நான் எங்கள் மைதானத்தில் மைக் பிடித்துப் பெயர் வாசிக்கிறவன், பட்டியல் என்றால் எனக்கு வேதம். பதினோரு பெயர் இருந்தது. அவ்ராம் இல்லை.

"சொல்லிட்டியா?"

"பஸ்ல சொல்லிடறேன்."

"எல்லார் முன்னாடியுமா?"

"சரி, இறங்கினதும் சொல்றேன். நீங்க பக்கத்துல நில்லுங்க."

இனி சகுனத்துக்கு வருவோம். அணியின் பேருந்து ஆட்டத்துக்குப் போகும்போது பின்னால் போகக் கூடாது. போனால் தோல்வி. இதை நம்பாத கால்பந்துக்காரனை நான் இன்னும் பார்க்கவில்லை. அவ்ராமோ இந்த மதத்துக்கு ஆயர். அன்றைக்கு நெடுஞ்சாலையில் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. எங்கள் ஓட்டுநர் பாம்ஃபில் குறுக்கு வழி என்று சொல்லி, மாவு மில்லைத் தாண்டி ஒரு வண்டித்தடத்தில் விட்டான். இரண்டு பக்கமும் வாய்க்கால், அதற்கப்பால் கோதுமை. எதிரே குதிரைமசால் தழையை மலையாக ஏற்றிக்கொண்டு ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. மணி நாலேகால். ஆட்டம் ஐந்துக்கு.

"கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தா மில்கிட்ட ஒதுங்கிக்கலாம்," என்றான் பாம்ஃபில்.

"கியர்லேர்ந்து கையை எடுடா!" கடைசி இருக்கையிலிருந்து மஞ்சள் டிராக் சூட் எழுந்து வந்தது.

"நாஷே, இருநூறு மீட்டர்தான்," என்றான் தோரு.

"போன வருஷம் ஒரே ஒரு மீட்டர் எடுத்தாங்க. என்ன ஆச்சு?"

"நீங்க பெனால்ட்டிய மைதானத்துக்கு வெளியே அடிச்சீங்க."

"ஏன் அடிச்சேன்? ரிவர்ஸ் எடுத்ததாலதானே!"

அவ்ராம் ஜன்னலைத் திறந்து வண்டிக்காரரை அதட்டினார்.

"பெரியவரே, நீங்க பின்னால போங்க!"

"என் குதிரைக்குப் பின்னால போகத் தெரியாது தம்பி. உனக்குமா தெரியாது?"

பத்து நிமிடம் இப்படியே கழிந்தது. வயலுக்கு அந்தப் பக்கம் எதிரணி மைதானத்தின் விளக்குக் கம்பங்கள் தெரிந்தன. இரண்டு கிலோமீட்டர் இருக்கும். நேரத்துக்குப் போகாவிட்டால் ஆடாமலே தோல்வி. நடந்தே போகலாம் என்று தோரு முடிவு செய்தான். பையன்கள் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். அவ்ராம் இறங்கவில்லை.

"நான் இறங்கின அடுத்த நிமிஷம் இவன் ரிவர்ஸ் எடுப்பான். எனக்குத் தெரியும். நான் இங்கயே காவல் இருக்கேன். நீங்க போங்கடா. அணிக்காக யாராவது ஒருத்தன் தியாகம் பண்ணித்தானே ஆகணும்?"

தோருவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான்கு வருடப் பாரம் இறங்கியது. ஆனால் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"நாஷே, நீங்க இல்லாம எப்படி?"

திருட்டுப் பயல்! கையை வேறு முத்தமிட்டான். பிறகு கோதுமைக்குள் ஓடினான் பாருங்கள், அந்த வேகத்தில் எங்கள் ஃபார்வர்ட் பத்து வருடமாக ஓடியதில்லை.

என் தொப்பைக்கு இரண்டு கிலோமீட்டர் ஆகாது என்பதால் நானும் பேருந்திலேயே தங்கினேன். அவ்ராம் ஒரு ரொட்டியைத் தின்றபடி சைப்ரஸ் கதையைத் தொடங்கினார்; கம்பத்தில் பட்டுத் திரும்பிய அந்தப் பந்து மட்டும் உள்ளே போயிருந்தால் இந்நேரம் இத்தாலியில் இருந்திருப்பார். இத்தாலிக்குப் போய்ச் சேரும் முன்பே தூங்கிவிட்டார். வாய் திறந்திருந்தது. தலைநகர் புக்கரெஸ்ட்டுக்குப் பந்து ஆட முதல் தடவை ரயிலேறியபோது நான் பார்த்த பையனின் முகம் அப்படியே இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை; பாவமாகத்தான் இருந்தது.

பாம்ஃபில் என்னைப் பார்த்தான். நான் கோதுமையைப் பார்த்தேன்.

அவன் மெதுவாக இஞ்சினைக் கிளப்பி, ஒரு மீட்டர், பத்து மீட்டர், இருநூறு மீட்டர், மில் வரைக்கும் பின்னாலேயே எடுத்துப் போனான். வண்டிக்காரர் தொப்பியைக் கழற்றிக் காட்டிவிட்டுப் போனார். என் போன் அடித்தது. ஒன்றுக்குப் பூஜ்யம், நாங்கள் முன்னால். முடிவில் இரண்டுக்குப் பூஜ்யம்.

ஆட்டம் முடியும் வரை தூங்க விட்டு, மைதான வாசலில் அவ்ராமை எழுப்பினோம். பையன்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

"பார்த்தீங்களாடா? ஒரு மீட்டர் விட்டேனா?"

"இல்ல நாஷே," என்றான் தோரு. பாம்ஃபில் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் இருமினேன். அந்த வாரமே அவ்ராம் இன்னொரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார். வெளியூர் ஆட்டங்களில் பேருந்துக்குக் காவல் இருப்பதாக அவரே ஏற்பாடு செய்துகொண்டார். உள்ளூர் ஆட்டத்துக்குப் பேருந்தே கிடையாதே என்று தோரு இப்போது தலையைப் பிய்த்துக்கொள்கிறான்.

சிரிக்கிறீர்களா? நானும் சிரித்தேன். பிறகு ஒரு யோசனை வந்தது. என் மைக்கை இருபத்தாறு வருடமாக நான் யாரிடமும் கொடுத்ததில்லை; இரண்டு மாதமாக நான் பேச ஆரம்பித்தாலே ஒலிபெருக்கி கோளாறாகிவிடுகிறது. நான் கீழே வைத்ததும் சரியாகிவிடுகிறது. உங்களிடம் அலுவலகத்திலோ சங்கத்திலோ யாராவது கையைப் பிடித்து, "நீங்க இல்லாம எப்படி?" என்று சமீபத்தில் கேட்டார்களா? கேட்டிருந்தால் கொஞ்சம் கண்ணைத் திறந்து ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். மரங்கள் எந்தப் பக்கமாக நகர்கின்றன?