கரைவலையில் வந்த பதக்கம்

றஸ்மி படத்தை அனுப்பிவிட்டான். அனுப்பிய பிறகுதான் யாருக்கு என்று பார்த்தான்.

கல்முனையில் பழைய நாணயம் வாங்கி விற்கும் ஜவுபருக்குப் போகவேண்டிய படம், ‘எங்கட குடும்பம்’ வாட்ஸ்அப் குழுவுக்குப் போயிருந்தது. கீழே அவனே எழுதிய வரி: ‘இதுக்கு எவ்வளவு தேறும்?’

மாமியின் தையல் டப்பாவில் சட்டைப் பொத்தான் தேடப் போன மனுசன் அவன். டப்பாவின் அடியில், துணியில் சுற்றி ஒரு வெள்ளிப் பதக்கம் கிடந்தது. அதில் பெரிய மீசையோடு யாரோ ஒருவரின் முகம். பொத்துவிலிலிருந்து கலியாணம் முடித்து வந்தவனுக்கு அந்த மீசையைத் தெரியவில்லை. இந்த ஊரில் அதைத் தெரியாத ஆளே இல்லை.

குசினியிலிருந்து மனைவி நுஸ்ரத் மாவுக் கையோடு ஓடிவந்தாள்.

“என்னங்க, வாப்பாட பதக்கத்த எங்கால எடுத்தீங்க?”

“வாப்பாட பதக்கமா? அத அவங்க கடல்ல எறிஞ்சிட்டாங்கல்லவா?”

“அதத்தான் நானும் கேக்கன்.”

அந்தக் கதையை றஸ்மி எத்தனை கலியாண வீடுகளில் கேட்டிருக்கிறான்! ஊர் நெசவுச் சங்கத்தின் வெள்ளிவிழா. நூல் இல்லாமல் தறிகள் சும்மா கிடந்த காலம். நூல் வாங்க வைத்திருந்த காசில் அப்போதைய தலைவர் தன் முகத்தைப் பொறித்து வெள்ளிப் பதக்கம் அடித்தார். நிர்வாகிகள் பதினொரு பேருக்கும் குத்தியும்விட்டார். அவர்களில் ஒருவரான நுஸ்ரத்தின் வாப்பா, மாமா ஷரிபுதீனின் தலைமையில் பதினொரு பேரும் கடற்கரைக்குப் போய், ஊரே பார்த்திருக்க, பதக்கங்களைக் கடலில் எறிந்தார்கள். தலைவருக்குப் பதவி போனது. மாமாவுக்கு ‘பதக்கம் எறிஞ்ச ஷரிபுதீன்’ என்று பெயர் வந்தது. இன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, அந்தத் துணிச்சலுக்காக இந்த வீட்டு முற்றத்திலேயே அவருக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள். உட்காரக் கதிரைகள்கூட வந்து இறங்கிவிட்டன.

றஸ்மி படத்தை அழித்தான். அதற்குள் கட்டாரிலிருந்து மச்சான் றிம்சான் கேட்டுவிட்டான்: ‘கடல்ல போனது ஊட்டுக்க எப்படி வந்த?’

சும்மா இருந்தால் மாமாவின் மானம் கப்பலேறிவிடும். றஸ்மி அவசரமாகத் தட்டினான்: ‘இண்டைக்கு கரைவலையில வந்திச்சு.’

கரையிலிருந்து இழுக்கும் மீன்வலையில் எதுவும் மாட்டலாம் அல்லவா? எழுதும்போது நல்ல பதிலாகத்தான் பட்டது.

கொஞ்ச நேரத்தில் படமும் பதிலும் ஊரெல்லாம் பரவி, முற்றத்தில் நிற்க இடமில்லை. அன்றைக்கு மாமாவோடு பதக்கம் எறிந்த கச்சிமுகம்மதுதான் முதல் ஆளாக வந்து சேர்ந்தார். யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

“கடல் திருப்பித் தரும்தானே. அது நடக்கிறதான். ஆரும் சந்தேகப்படப்படாது!”

கூட எறிந்த மற்றவர்களும் முன்வரிசையில் இருந்து வேகமாகத் தலையாட்டினார்கள். இளசுகள் விடுவதாக இல்லை.

“எங்க, காட்டுங்க பாப்பம்.”

காட்டுவதா? நேற்றுக் கடையில் வாங்கியதுபோல் அல்லவா அது மினுங்கியது! “கழுவிட்டு வாறன்” என்று றஸ்மி கிணற்றடிக்கு ஓடினான். பழசாகட்டும் என்று உப்பும் தேசிக்காய்ப் புளியும் வைத்துத் தேய்த்தான். முன்னைவிட மினுங்கியது. மணலை அள்ளிப்போட்டு உரசினான். தலைவருக்கு ஒரு பக்க மீசை போய்விட்டது.

“என்ன மருமகன் செய்யிறீங்க?”

பின்னால் மாமா நின்றார். றஸ்மி கையை விரித்துக் காட்டினான். மாமா அப்படியே கிணற்றுக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

“அண்டைக்கு எறியத்தான் போனன், மருமகன். நுஸ்ரத்துக்கு அப்ப மூணு வயசு. ஊட்டுல வெள்ளிச் சாமான் எண்டு ஒண்டுமில்ல. மனசு வரல்ல. நான் எறிஞ்சது மீன் ரின்னுட தகர மூடி.”

“அப்ப ஏன் மாமா விக்காம வெச்சிருந்தீங்க?”

“வித்தா தெரிஞ்சிருமே. மத்தப் பத்துப் பேரும் மெய்யாவே எறிஞ்சவங்க. அவங்கட முகத்துல நான் எப்படி முழிக்கிற?”

றஸ்மிக்கு மாமாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு பொத்தானுக்காக ஒரு மனுசனின் பெயரைக் கெடுத்துவிட்டோமே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அந்த நேரம் பார்த்து ஜவுபரின் அழைப்பு. ஊரெல்லாம் சுற்றிய படம் கடைசியில் அவனுக்கும் போயிருந்தது.

“மச்சான், நீ அதிஷ்டக்காரன்டா! பழைய பதக்கம் விலை மதிச்சுச் சேக்கிற கொழும்பு ஹாஜியார் என்ட கடையிலதான் இரிக்கார். படத்தக் கண்டதும் துள்ளிட்டார். எனக்கு ஒண்டுதான் குறையுது எண்டார். கூட்டிட்டு வாறன்.”

“வேணாண்டா! அவரக் கூட்டி வராத!”

“ரோட்டு முனைக்கு வந்திட்டமே.”

ஹாஜியார் வந்து முற்றத்து நடுவில் உட்கார்ந்தார். அவருடைய ட்ரைவர் பிளேன்டீயை வாங்கிக்கொண்டு வாசல் கேற்றடியில் சாய்ந்து நின்றான். ஜவுபர் ஊருக்கே கேட்கும்படி சொன்னான்:

“சாமான் கடல்ல கிடந்ததா இல்லையா எண்டு ஹாஜியார் கையில எடுத்ததும் சொல்லிருவார்!”

ஹாஜியாரின் பூதக்கண்ணாடி பதக்கத்தின் மேல் மெல்ல ஊர்ந்தது. கச்சிமுகம்மது கையிலிருந்த பொன்னாடையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

“அசல் வெள்ளி,” என்றார் ஹாஜியார். “எண்டாலும் விலைய நான் சும்மா சொல்ல ஏலாது. வில்லங்கத்துல பிறந்த பதக்கம். எங்க கிடந்து தப்பிச்சது எண்டதிலதான் விலை இருக்கு. கடல்ல கிடந்ததெண்டா ஒரு விலை. பொட்டியில பத்திரமா இருந்ததெண்டா அதுல மூணு மடங்கு. நீங்களே சொல்லுங்க தம்பி, எங்க எடுத்தீங்க?”

மூன்று மடங்கு! றஸ்மி மாமாவைப் பார்த்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

“கரைவலையில,” என்றான் றஸ்மி.

ஹாஜியார் கண்ணாடியை இறக்கி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“சனம் எல்லாரும் இரிக்கிறீங்க. நான் ஒரு உண்மையச் சொல்லணும்.”

“ஒண்டும் சொல்ல வேணாம்! இரிங்க ஷரிபுதீன்!” என்று கச்சிமுகம்மது கத்தியே விட்டார்.

யாருக்கும் எதுவும் புரியவில்லை. கேற்றடியில் நின்ற ட்ரைவர் மட்டும் கடைசி மிடறைக் குடித்துவிட்டு, வெறுங்கோப்பையை மதில்மேல் வைத்தான்.

“அப்ப இதோட பதினொண்டும் சேந்திடுச்சி ஹாஜியார். முன்ன உங்களுக்கு வித்த பத்துப் பேரும் இதத்தானே சொன்னாங்க. இந்த ஊர் கரைவலையில மீனும் மாட்டுமா?”